மாத்திரை சேர்ந்தது, இரும்பு சேர்ந்ததா?

ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் தங்கை மகளைப் பார்க்கச் சென்ற ஆண்டு சிதம்பரத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். கடலூரில் பேருந்து ஏறி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் எல்லாம் கடந்து போய் இறங்க வேண்டிய ஊர். பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவளுடைய தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 9.2 கிராம். ஏழாம் மாதத்தில் 8.6 கிராம். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்பது கணக்கு. ஆனால் அதே அட்டையில், நான்காம் மாதம் முதல் மாதந்தோறும் சத்து மாத்திரை கொடுத்ததற்கான குறி தவறாமல் போடப்பட்டிருந்தது.

மாத்திரை தின்றும் இரத்தம் இறங்குவானேன்? கேட்டதும் சிரித்தாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தாள். பிரிக்காத அட்டைகள். எண்ணினேன், 94 மாத்திரைகள் இருந்தன.

“போட்டா வயிறு பெரட்டுது மாமா. வெளிக்குப் போனா கறுப்பாப் போகுது. கொழந்தையும் கறுப்பாப் பொறக்கும்னு எங்க அத்தை சொல்றாங்க.”

“நர்சம்மாவிடம் சொன்னாயா?”

“சொன்னா திட்டுவாங்க. வாங்கிக்கிட்டு வந்துடுவேன்.”

அவள் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே பணிபுரியும் செவிலியர் மாத்திரையை ஒழுங்காகத்தான் கொடுத்திருக்கிறார், ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். நான் குறை சொல்ல வந்தது அவரை அன்று. அந்தக் குறியை மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று கருதும் திட்டத்தை.

நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை வழங்கும் திட்டம் 1970-இல் தொடங்கியது. 60 மில்லிகிராம் இரும்பும் அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, 100 நாட்களுக்கு. பிற்காலத்தில் இரும்பின் அளவு 100 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. 2018-இல் ‘அனீமியா முக்த் பாரத்’ என்ற பெயரில் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது மீண்டும் 60-க்கு வந்தது. நாட்கள் மட்டும் 180 ஆயின. மகப்பேற்றுக்குப் பின்னர் மேலும் 180 நாட்கள். பள்ளிச் சிறுவர்களுக்கு இளஞ்சிவப்பு, வளரிளம் பருவத்தினருக்கு நீலம், கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு என்று நிறம் பிரித்து வழங்குகிறார்கள். கைக்குழந்தைகளுக்குத் திரவ மருந்து. ஏட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை.

பலன் என்ன? 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை. அதற்கு முந்தைய ஆய்வில் 53 விழுக்காடு. தமிழ்நாட்டில் 55-இலிருந்து 53.4 ஆகக் குறைந்தது என்று மகிழலாம் என்றால், கர்ப்பிணிகளின் கணக்கு 44.4-இலிருந்து 48.3 ஆக ஏறியிருக்கிறது. எவருக்கு மாத்திரை அதிகமாகப் போய்ச் சேர்கிறதோ அவர்களிடமே எண் ஏறுகிறது!

இந்த எண்களை அப்படியே நம்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு, அக்கேள்வி நியாயமானது. அந்த ஆய்வில் விரல் நுனியைக் குத்தி எடுத்த இரத்தத்தைச் சோதித்தார்கள். நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சோதித்தால் சோகையுள்ளோர் எண்ணிக்கை குறைவாகவே வருகிறது என்று பல அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே 57 என்பது சற்று மிகையாக இருக்கலாம். ஆனால் 57 என்பது 40 ஆகிவிட்டாலும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மாத்திரை வழங்கிய ஒரு நாட்டுக்கு அது பெருமை ஆகாது. அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. 180 நாட்கள் மாத்திரையை உண்மையில் உட்கொண்ட இந்தியத் தாய்மார்கள் 26 விழுக்காட்டினரே. நூற்றில் 74 பேர் வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் ஏதேனும் இருந்திருக்கும்.

இனி மருந்தைப் பார்ப்போம். நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் வேதியியல் கற்பித்தவன். பரிசோதனைக் கூடத்தில் இளம்பச்சைப் படிகமாக ஒரு குப்பியில் இருக்குமே, ஃபெர்ரஸ் சல்ஃபேட், அதுதான் இந்த மாத்திரையின் மூலப்பொருள்களில் முதன்மையானது. தமிழில் அதற்கு அன்னபேதி என்று பெயர். பாண்டு என்றும் வெளுப்பு நோய் என்றும் கூறப்பட்ட சோகைக்குச் சித்த மருத்துவர் அன்னபேதியை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் புடமிட்டுச் செந்தூரமாக்கினர். (புடமிடும்போது இரும்பின் பெரும்பகுதி ஃபெர்ரிக் ஆக்சைடாக மாறும், ஆகையால் செந்தூரமும் மருந்துக்கடை மாத்திரையும் ஒன்றே என்று யாரும் எண்ண வேண்டாம்.) பிரான்சு நாட்டு மருத்துவர் பிளாடு 1832-இல் அதே ஃபெர்ரஸ் சல்ஃபேட்டைப் பொட்டாசியம் கார்பனேட்டுடன் சேர்த்து உருண்டையாக்கி, வெளுத்த இளம்பெண்களுக்குக் கொடுத்து வெற்றி கண்டார். மாத்திரையுடன் சேர்ந்து வரும் ஃபோலிக் அமிலத்துக்கோ நம் மாநிலத்தோடு தொடர்பு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தவர். 1929-இல் குன்னூரிலும் 1931-இல் சென்னை கோஷா மருத்துவமனையிலும் பணி செய்தார். அவர் கண்ட, ஈஸ்ட்டில் இருந்த அந்த மர்மப் பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று தெரிய வந்தது.

ஆக, மருந்து பழையது, நன்கு ஆராயப்பட்டது, மலிவானது. உட்கொண்டால் வேலை செய்யும். ஆனால் உட்கொள்வது என்றால் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது மட்டுமா? இங்கேதான் திட்டம் பேச வேண்டியதைப் பேசாமல் விட்டிருக்கிறது.

ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கில் 30 முதல் 40 மில்லிலிட்டர் வரை இரத்தம் போகிறது என்று கொண்டால், 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போகிறது. கருவுற்ற காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் இரும்பு கூடுதலாகத் தேவை. ஒரு கிராம் என்பது சிறு ஆணி அளவுதான். அந்த ஆணியைச் சிறுகுடலின் முற்பகுதி வழியாகச் சிறிது சிறிதாக உள்ளே இழுக்க வேண்டும். நாளொன்றுக்குச் சில மில்லிகிராம்தான் இழுக்க முடியும். மாத்திரையில் இருக்கும் 60-இல் பெரும்பகுதி உள்ளே போகாமல் மலத்தோடு வெளியேறுகிறது. மலம் கறுப்பது இதனால்தான். குழந்தையின் நிறத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்த ஒரு செய்தியை முதல் மாத்திரை அட்டையோடு சொல்லியிருந்தால் என் தங்கை மகளின் மாமியார் வாயை அடைத்திருக்கலாம். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் கர்ப்பிணிகள் வரும் நாளில் வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது அந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வரும்?

அடுத்தது தேநீர். கடலூர்த் துறைமுகத்தில் மீன் கூடை தூக்கும் பெண்ணானாலும், பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்ணானாலும், காலையில் ஒரு டீ, இட்லி தின்றதும் ஒரு டீ. மாத்திரையையும் அப்போதுதான் போடுகிறார்கள். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடாது. தென்னாப்பிரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் நடந்த ஓர் ஆராய்ச்சி 1975-இல் வெளிவந்தது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தபோது இரும்பு உள்ளே போகும் அளவு பெருமளவு குறைந்ததை அது காட்டியது. இதை அறிந்து ஐம்பது ஆண்டு ஆகிறது.

தேநீரையாவது மக்கள் பழக்கம் என்று விட்டுவிடலாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் கொடுப்பதும் அதே திட்டம்தானே? கால்சியமும் இரும்பும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால் இரும்பு உள்ளே செல்வது தடைப்படும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும் என்று அரசின் வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. ஆனால் இரண்டு அட்டைகளும் ஒரே காகித உறையில் போட்டுக் கைக்கு வருகின்றன. ஒரே உறையில் வந்ததை ஒரே வேளையில் போடுவதுதானே மனித இயல்பு? உறையின்மேல் சூரியன் படம் ஒன்றும் நிலாப் படம் ஒன்றும் அச்சடித்து, பகலுக்குக் கால்சியம், இரவுக்கு இரும்பு என்று பிரித்தால் செலவு சில காசுகள்தான்.

குமட்டல் பொய்யன்று. இரும்பு உப்பு இரைப்பையின் உட்சவ்வை உறுத்தும். வெறும் வயிற்றில் போட்டால் நன்றாக உள்ளே போகும். ஆனால் பலருக்கு வயிறு தாங்காது. இரவுச் சாப்பாட்டுக்கு ஓரிரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடச் சொல்வது நல்ல நடுவழி. எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொல்லும் வழக்கம் உண்டு. உணவில் உள்ள இரும்புக்கு வைட்டமின் சி உதவும் என்பது உண்மை. ஆனால் மாத்திரைக்கு அது கூடுதல் பயன் தருவதில்லை என்று 2020-இல் சீனாவில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. பிடித்தால் குடிக்கலாம், எலுமிச்சை கிடைக்கவில்லையே என்று மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

ஒவ்வொரு நாளும் போடத்தான் வேண்டுமா என்பது அண்மைக் காலத்தில் எழுந்த சுவையான கேள்வி. கல்லீரலில் ஹெப்சிடின் என்ற இயக்குநீர் சுரக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது கண்டறியப்பட்டது. வீராணம் ஏரியில் மதகு திறப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வடவாற்றில் தண்ணீர் மிகுதியாக வந்தால் கதவை இறக்குவார். ஏரி வற்றினால் தூக்குவார். குடல் உயிரணுவிலிருந்து இரத்தத்துக்கு இரும்பு போகும் மதகை இறக்குவது ஹெப்சிடின். ஒரு நாள் 60 மில்லிகிராம் இரும்பு போட்டால் ஹெப்சிடின் உயர்ந்து, மறுநாளும் மதகு பாதி மூடியே இருக்கிறது. சூரிச் நகரில் 2017-இல் வெளிவந்த ஆய்வில், இரும்புச் சேமிப்புக் குறைந்த 40 பெண்களில் ஒரு சாராருக்குத் தினமும், மறு சாராருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கொடுத்தார்கள். தினமும் உண்டவர்களுக்கு மாத்திரையில் 16.3 விழுக்காடு இரும்பு உள்ளே போயிற்று. நாள் விட்டு உண்டவர்களுக்கு 21.8 விழுக்காடு. காய்ச்சலும் நோய்த்தொற்றும் இருந்தாலும் ஹெப்சிடின் உயரும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு கர்ப்பிணிகள் தாமே மாத்திரையைப் பாதியாக்கிவிடக் கூடாது. அந்தச் சூரிச் பெண்கள் கர்ப்பிணிகளும் அல்லர். சோகை முற்றியவர்களும் அல்லர். ஏழாம் மாதத்தில் 8.6 கிராமில் நிற்கும் பெண்ணுக்குக் காலம் குறைவு. அவளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை என்றே இன்றைய விதி கூறுகிறது. நான் சொல்ல வருவது வேறு. தினமும் போட முடியாமல் முற்றிலும் நிறுத்திவிடும் பெண்ணிடம், நாள் விட்டுப் போட்டாலும் பலன் உண்டு என்று சொல்ல மருத்துவருக்கு இப்போது ஓர் ஆதாரம் கிடைத்திருக்கிறது. திட்டத்தின் குரலோ ‘தினமும் ஒன்று’ என்பதோடு நின்றுவிடுகிறது.

எல்லாவற்றினும் பெரிய குறைக்கு வருகிறேன். மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது உயர வேண்டும். உயரவில்லை என்றால் இரண்டில் ஒன்று: மாத்திரை உள்ளே போகவில்லை, அல்லது அது இரும்புக் குறைவால் வந்த சோகை அன்று. கொக்கிப் புழு ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் வரை இரத்தத்தை உறிஞ்சும். நூறு புழு இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் செம்மண் தோட்டத்தில் நடப்பவர்களுக்குப் பூச்சி மாத்திரையும் செருப்பும் இல்லாமல் இரும்பு மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது. பி12 குறைவாக இருக்கலாம். தலசீமியா என்னும் பிறவிக் குறையாக இருக்கலாம். அவர்களில் சிலருக்கு இரும்பு தீங்கே செய்யும். ஆகவே ஒரு மாதம் கழித்து எடுக்கும் இரண்டாவது இரத்தச் சோதனைதான் இந்த மருத்துவத்தின் உயிர்நாடி. விதிப் புத்தகத்தில் அது இருக்கிறது. ஒரு மாதத்தில் ஒரு கிராம் ஏறாவிட்டால் மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் மாநிலங்களுக்குத் தர வரிசை போடும் மதிப்பெண் பட்டியலில் எத்தனை பேருக்கு மாத்திரை வழங்கப்பட்டது என்பதே அளவுகோல். எத்தனை பேருக்கு ஒரு கிராம் ஏறியது என்பதற்கு மதிப்பெண் இல்லை. எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் எவரும் செய்வர். மாணவர்களிடம் முப்பது ஆண்டு பார்த்தவன் நான்.

வழங்கிய மாத்திரை உட்கொள்ளப்படாமல் வீட்டில் கிடப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2023 மார்ச்சில் உதகையில் ஒரு பள்ளியில் மாணவிகள் விளையாட்டாகப் பந்தயம் கட்டிச் சத்து மாத்திரைகளை அள்ளித் தின்றார்கள். ஒரு சிறுமி உயிரிழந்தாள். அளவு மீறினால் இரும்பு கல்லீரலைக் கெடுக்கும் கடும் நஞ்சு. என் தங்கை மகள் வீட்டில் அந்தத் துணிப்பை இருந்த இடம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். மூத்த பையனுக்கு வயது மூன்று.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோகை பற்றிய சுவரொட்டி எதைப் பார்த்தாலும் மாதுளை, பீட்ரூட், ஆப்பிள்! சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் என்ற எண்ணம் போலும். நூறு கிராம் மாதுளையில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கம்பிலும் கேழ்வரகிலும் முருங்கைக் கீரையிலும் இதைவிடப் பன்மடங்கு உண்டு. அவற்றைக் காட்டிலும் எளிதில் உடலில் சேர்வது மாமிசத்தின் இரும்பு. ஆட்டின் மண்ணீரலை நம்மவர் சுவரொட்டி என்பார்கள்; வெளுத்த பெண்ணுக்கு அதை வாங்கிச் சுட்டுக் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். அந்தச் சுவரொட்டியை இந்தச் சுவரொட்டியில் போட மட்டும் யாருக்கும் துணிவு வரவில்லை. கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்துத் திரவமும் இருப்பது நல்லதே. ஆனால் அந்தப் பழத்தைத் தின்றுவிட்டேன், மாத்திரை எதற்கு என்று கேட்கும் பெண்களும் உண்டு. எந்த உணவும் ஏழாம் மாதத்துப் பள்ளத்தை நிரப்பாது. உணவு சோகை வராமல் காக்கும், வந்துவிட்டதற்கு மருந்துதான்.

மருந்துக்கடையில் விற்கும் விலையுயர்ந்த டானிக்குகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் உப்பின் எடை வேறு, அதில் உள்ள இரும்பின் எடை வேறு என்பதை மட்டும் பாருங்கள். 300 மில்லிகிராம் ஃபெர்ரஸ் குளூக்கோனேட்டில் இரும்பு 35 மில்லிகிராம்தான். வயிற்றை உறுத்தாது என்று விளம்பரம் செய்து மெதுவாகக் கரையும் பூச்சுடன் வருபவை பல, இரும்பு உறிஞ்சப்படும் இடத்தைத் தாண்டிய பிறகே கரைகின்றன. உறுத்தாததன் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் காலம் தாழ்ந்து வந்தவர்களுக்கும் இரும்பு சுக்ரோஸை நரம்பு வழியே செலுத்தும் முறை நம் மாநில அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. என் தங்கை மகள் இதையும் அறியாதவளாகவே இருந்தாள். மறு வாரம் மருத்துவரிடம் துணிப்பையோடு போகச் சொன்னேன். பையைக் காட்டியதும் அவர் திட்டவில்லை. இரவில் போடும்படி மாற்றிக் கொடுத்தார், கால்சியத்தைப் பகலுக்கு ஒதுக்கினார். ஒரு மாதத்தில் 8.6 என்பது 9.7 ஆயிற்று. குழந்தை மாநிறம்.

தொட்டில் போட்ட பிறகு மீண்டும் போயிருந்தேன். மகப்பேற்றின்போது இழந்த இரத்தத்தை ஈடு செய்யவும், அடுத்த பேற்றுக்குச் சேமிக்கவும் இன்னும் 180 நாள் மாத்திரை உண்டல்லவா? அட்டையை வாங்கிப் பார்த்தேன். கொடுத்ததற்குக் குறி இருந்தது.

“போடுகிறாயா?”

“கொழந்தைதான் பொறந்தாச்சே மாமா, இன்னும் எதுக்கு?” என்றாள்.